கிளார்க் வேலைக்கு வந்த ரெஸ்யூமே எப்படி பார்க்குறது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சின்ன கம்பெனி நம்மளது, அக்கவுண்ட்ஸ் கிளார்க் தேவைன்னு போட்டோம், ரெஸ்யூமே குவிஞ்சு கிடக்கு. எல்லாத்துலயும் "ஹார்ட்வொர்க்கிங், டீம் பிளேயர்"னே இருக்கு. யாரைக் கூப்பிடுறதுன்னே புரியல, கொஞ்சம் சொல்லுங்க.

பதில் 1:
தம்பி, அந்த வார்த்தையெல்லாம் தள்ளிட்டு அவங்க என்ன செஞ்சாங்கன்னு மட்டும் பாருங்க. "எஸ்கியூஎல் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் தெரியும்"னு வெறுமனே போடுறவங்களைவிட "பேங்க் ரெக்கன்சிலியேஷன் (பேங்க் கணக்கையும் கம்பெனி கணக்கையும் ஒத்துப் பார்க்குறது) பண்ணேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) ரிட்டர்ன் அனுப்புனேன்"னு எழுதுறவங்கள முதல்ல கூப்பிடுங்க, ஏன்னா நேர்ல ரெண்டு கேள்வி கேட்டாலே உண்மையா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

பதில் 2:
நடுவுல ரெண்டு வருஷம் வேலை இல்லன்னா உடனே ஒதுக்கிடாதீங்க ப்ளீஸ். பிள்ளை பெத்து வளர்த்துட்டு திரும்பி வர்ற அக்காமாருங்க எத்தனை பேரு, வேலையில அவ்வளவு கவனமா இருப்பாங்க. போட்டோவையும் பார்க்காதீங்க, கணக்கு எழுத முகம் எதுக்கு?

பதில் 3:
டிப்ளோமா மேல சந்தேகம்னா எம்கியூஆர் (மலேசியாவுல அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்களோட பதிவேடு) வெப்சைட்ல அந்த கோர்ஸ் இருக்கான்னு தேடலாம். பழைய வேலை உண்மையான்னு பார்க்க இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஸ்டேட்மெண்ட் கேக்கலாம், ஆனா ஆளை எடுக்குறதுன்னு முடிவானப்புறம் கேளுங்க. ரெஸ்யூமேல ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் இருக்கும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல தூக்கிப் போட்டுடாதீங்க, 2010 பிடிபிஏ (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் இருக்கு.