எஸ்.சி.எல். யூனிகார்ன் கிடைத்திருக்கிறது: ஓட்டிப் பார்க்கலாமா, அப்படியே வைக்கலாமா?

பழையபெட்டி
வணக்கம். போன வாரம் மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் கண்டம் செய்த சாமான்களை ஏலம் விட்டார்கள். கால் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு எஸ்.சி.எல். யூனிகார்ன்! தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரை, மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. அதுதான் யூனிகார்ன். 1984-85-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன ரகம். 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சிப், 32 கேபி நினைவகம். எடைக்குப் போட்டால் வரும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து எடுத்தேன். கூடவே ஒரு டிரைவும், பிஸ்கட் டப்பாவில் 11 ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பித் தட்டுகளும் கிடைத்தன.

மேல்மூடி டீக்கறை படிந்த மாதிரி மஞ்சளாக இருக்கிறது. ஒரு விசை இல்லை. உள்ளே கரப்பான் முட்டை. இன்னும் பிளக்கில் சொருகவில்லை. கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றி, மூடிக்குப் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைத்து, ஓட்டிப் பார்ப்பதாக எண்ணம். பெரியவர்கள் யோசனை சொல்லுங்கள்.

சால்டர்சாமி
தம்பி, சொருகாமல் வைத்தீர்களே, அதற்கே ஒரு காபி வாங்கித் தரலாம்.

பவர் சப்ளையைத் திறந்தால் மெயின்ஸ் உள்ளே நுழைகிற இடத்தில், தேன் நிறக் கண்ணாடி போல உடம்போடு சதுரமாக ஒன்றிரண்டு நிற்கும். காகித கெப்பாசிட்டர். மேல்தோல் மயிரிழையாக விரிசல் விட்டு, வருஷக்கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கும். 230 வோல்ட் பட்டதும் பத்து நிமிஷம் நல்ல பிள்ளையாக இருக்கும், அப்புறம் 'டப்'. மெஷின் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது, வீட்டில் உங்கள் மரியாதையும் போய்விடும். அதை மாற்றுங்கள். போர்டுக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் ஓட்டுங்கள். ஓடாத கம்ப்யூட்டர் வெறும் டப்பாதானே.

பழையபெட்டி
நன்றி அண்ணா. சீரிஸ் பல்ப் போட்டு மெதுவாக ஏற்றினால் பாதுகாப்பு இல்லையா? ரேடியோவுக்கு அப்படித்தான் செய்வேன்.

சால்டர்சாமி
ரேடியோவுக்குச் சரி. இது ஸ்விட்சிங் சப்ளை. வோல்டேஜ் குறைந்தால் கரண்டை அதிகமாக இழுக்கும், கிளம்பும், நிற்கும், கிளம்பும். அதற்குப் பதிலாக 5 வோல்ட் பக்கம் ஒரு கார் இண்டிகேட்டர் பல்பைச் சுமையாகக் கட்டுங்கள். சுமை இல்லாமல் ஓட்டினால் அது காட்டும் அளவை நம்ப முடியாது.

சுவடிக்காரி
ஓட்டுவதற்கு என்ன அவசரம்? நாற்பது வருஷம் அலமாரியில் கிடந்தது, இன்னும் நாற்பது நாள் கிடக்கட்டும்.

நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். முதலில் அந்த வெளுப்பு வேலை. கோயில் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, கும்பாபிஷேகத்துக்குப் பளபளப்பாக்கி, கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெராக்சைடு குளியலும் அந்த ஜாதிதான். பிளாஸ்டிக் திட்டுத்திட்டாக வெளுக்கும். அப்புறம் அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வரும். அப்போது மறுபடி குளியலா? அந்த மஞ்சள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தாலே, வகுப்பறை ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

கெப்பாசிட்டர் 'எல்லாம்' மாற்றுவது அதைவிட மோசம். 1989 பிப்ரவரியில் அந்த மொஹாலித் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. யூனிகார்னை எப்படிக் கட்டினார்கள், எந்த உதிரியை எங்கிருந்து வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு மிஞ்சியிருப்பது இந்த மாதிரிப் பெட்டிகள்தான். உதிரியின் மேல் இருக்கும் தேதியும் ஊரும்தான் அதன் கல்வெட்டு.

எமுலேட்டர்_கார்த்தி
இரண்டு பேருமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். எமுலேட்டர் என்று, பழைய மெஷின் மாதிரியே நடிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதில் பிபிசி மைக்ரோ பிரவுசரிலேயே ஓடுகிறது. பத்து வினாடியில் அதே கறுப்புத் திரை, அதே 'பீ-பூ' சத்தம். புகை இல்லை, கரப்பான் முட்டை இல்லை.

மேடம் கல்வெட்டைச் சொன்னதால் நான் ஓலையைச் சொல்கிறேன். சங்கப் பாட்டு நமக்குக் கிடைத்தது ஓலை கெட்டியாக இருந்ததாலா? ஓலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிய விஷயம். தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து படி எடுத்ததால் கிடைத்தது. சிலிக்கானும் ஓலைதான். மென்பொருளைப் படி எடுங்கள், பெட்டியை விடுங்கள்.

சுவடிக்காரி
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. படி எடுத்த பிறகு பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பின்னால் இரண்டு படியில் இரண்டு பாடம் வந்தபோது, எது மூலம் என்று பார்க்க ஏடு இல்லை. இன்றுவரை பாடபேதத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எமுலேட்டர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள் தம்பி?

காயலான்கடை_பாபு
நீங்கள் பேசி முடிப்பதற்குள் இங்கே நாலு லோடு போய்விடும். பீங்கான் உடம்பு சிப் என்றால் தங்கத்துக்காகத் தனியாக எடுப்போம், மற்றது கிலோ கணக்கு. 'இது அருமையான பொருள், நொறுக்காதே' என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்டியதில்லை. இந்த யூனிகார்ன் படத்தைப் போடுங்கள், கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

பழையபெட்டி
பாபு அண்ணா, இன்று இரவே போடுகிறேன். நீல நிறச் செயல் விசைகளோடு ஏதாவது வந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். ஹோப் கம்ப்யூட்டர்ஸ் என்ற இந்திய நிறுவனம் பிபிசி மைக்ரோ மாதிரியில் 'டால்ஃபின்' என்று ஒன்று செய்தது. மூலத்தில் சிவப்பாக இருக்கும் விசைகள் அதில் நீலம்.

குமரன்_லண்டன்
நான் பிளெச்லி பார்க்கில் இருக்கிற கணினி அருங்காட்சியகத்துக்கு இடைக்கிடை போறனான், அதனால் ஒரு சொல். அங்கே 1951-ல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் டெக்கட்ரான் கணினி நிற்கிறது. இரண்டரைத் தொன் எடை. 2012-ல் திரும்ப இயக்கிவிட்டார்கள். எண்கள் டெக்கட்ரான் குழாய்களுக்குள்ளே செம்மஞ்சள் புள்ளிகளாய்ச் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு கூட்டல் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகள் அதுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை எந்தப் பிரவுசரில் காட்டுவீர்கள்?

கார்த்திக்கு இன்னொன்று. 1086-ல் இங்கிலாந்து அரசன் எடுப்பித்த நிலக் கணக்குப் புத்தகம் இன்றைக்கும் வாசிக்கக்கூடியதாய் இருக்கிறது. அதன் 900-ஆவது ஆண்டுக்காக 1986-ல் பிபிசி ஒரு புதுக் கணக்கெடுத்து லேசர் தட்டில் போட்டது. அதை இயக்கியதும் உங்கட யூனிகார்னின் தங்கச்சி முறையான பிபிசி மாஸ்டர்தான். பதினைந்து வருசத்துக்குள்ளேயே அதை வாசிக்க ஆளும் மெசினும் தேடித் திரிந்தார்கள்.

எமுலேட்டர்_கார்த்தி
அண்ணா, அது என் கட்சிக்குத்தானே சாட்சி! 2002-ல் அதைக் காப்பாற்றிக் காட்டியதே எமுலேஷன்தான்.

குமரன்_லண்டன்
தட்டிலிருந்து தரவை வெளியே எடுத்தது எது தம்பி? ஓடுகிற நிலையில் இருந்த பழைய பிளேயர். எமுலேட்டருக்கு லேசர் கண் இல்லை.

எமுலேட்டர்_கார்த்தி
சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் அருங்காட்சியகத்தை நம்பி உட்காராதீர்கள். சியாட்டிலில் மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் தொடங்கிய கணினி அருங்காட்சியகத்தில் பழைய பெருங்கணினிகளையே ஓடவிட்டு, வெளியிலிருந்து ஆட்கள் நுழைந்து பார்க்க வசதி செய்திருந்தார்கள். அவர் 2018-ல் போனார். 2020-ல் கதவு மூடியது. 2024-ல் பல பொருள்களைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார்கள். அவ்வளவு பணம் இருந்தவருடைய சேகரிப்புக்கே இந்தக் கதி. நம் ஆட்கள் வீட்டுப் பரணில் வைத்திருப்பது அடுத்த தலைமுறையில் நேரே பாபு அண்ணா கடைக்குத்தான் போகும்.

காயலான்கடை_பாபு
வரட்டும், வரட்டும்.

கனகா_டீச்சர்
இத்தனை பேர் பேசினீர்கள், அந்த பிஸ்கட் டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் இந்த மெஷினில் பாடம் எடுத்தவள். கிளாஸ் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஏசி போட்ட அறை, பள்ளியில் அது ஒன்றுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே வரவேண்டும். சாமி அறை மாதிரி. ஒரு மெஷினுக்கு நாலு பிள்ளைகள், ஒருவர் தட்ட மூவர் 'இல்லை இல்லை, அந்தக் காற்புள்ளி' என்று கத்துவார்கள். திட்டத்தோடு வந்த பாட மென்பொருளில் பாதி இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கானது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. அதனால் பேசிக் என்ற நிரல் மொழியில் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். ராசி பலன், கபடி ஸ்கோர், பெருக்கல் வாய்ப்பாடு. ஒரு பெண் புள்ளிக் கோலம் போட ஒரு நிரல் எழுதினாள். அவள் அம்மா மார்கழியில் போடும் ஊடுபுள்ளிக் கோலம், எந்தப் புள்ளியைச் சுற்றி எப்போது திரும்பவேண்டும் என்று நோட்டில் நாலு பக்கம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் இருந்தவர்களும் 1970-களிலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆராய்ந்தார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

கார்த்தி, உங்கள் பிரவுசரில் விளையாட்டெல்லாம் இருக்கும், நம்புகிறேன். அந்தக் கோலம் இருக்குமா? அது ஒரே ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. எங்கள் பள்ளிப் பெட்டியை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

சால்டர்சாமி
டீச்சர் சொன்னது மண்டையில் அடித்த மாதிரி இருக்கிறது. தம்பி, மெஷினை ஓரமாக வையுங்கள். முதலில் ஃபிளாப்பி.

வெளிச்சத்தில் சாய்த்து ஓட்டை வழியாகப் பாருங்கள். வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் நுழைத்தால், தட்டைப் படிக்கும் முனையான ஹெட் அழுக்காகி அந்தத் தட்டையும் சுரண்டும், அடுத்து போடுகிற தட்டையும் சுரண்டும். உறையின் மேல் ஓரத்தைக் கீறி, தட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுப் பூப்போலக் கழுவி, முழுக்கக் காயவைத்து, வேறு நல்ல உறையில் போடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள்.

சுவடிக்காரி
கழுவும் முன் லேபிளைப் படம் எடுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலும் கையெழுத்து இருக்கும். சால்டர்சாமியோடு முதல்முறையாக ஒத்துப்போகிறேன். நாளைக்கு மழை வந்தாலும் வரும்.

எமுலேட்டர்_கார்த்தி
இன்றைய யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் எதுவும் இதைப் படிக்காது. பிபிசி ஃபிளாப்பி ஒற்றை அடர்த்தி முறையில் பதிவானது. என்னிடம் கிரீஸ்வீசல் போர்டு இருக்கிறது. தட்டில் காந்தத் துடிப்பு எப்படி விழுந்திருக்கிறதோ அப்படியே அள்ளி எடுக்கும். ஐந்தேகால் அங்குல டிரைவையும் சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன்.

பழையபெட்டி
(ஒன்பது நாள் கழித்து) 11-ல் நாலு முழுக்கப் பூஞ்சை, கழுவினேன். எட்டு படித்தாகிவிட்டது. இரண்டு காலி. ஒன்றில் மாதச் சம்பளப் பட்டியல், அதை வெளியே போடமாட்டேன். லேபிளில் 'ஒன்பதாம் வகுப்பு பி' என்று மட்டும் எழுதியிருந்த தட்டில் 40 டிராக் (வட்டத் தடம்), 400 செக்டர் (தடத்தின் துண்டு), அதில் 7 செக்டர் தேறவில்லை. கோப்புப் பட்டியல் வந்தது. பெயருக்கு ஏழு எழுத்துதான் இடம் என்பதால் எல்லாம் வெட்டிய பெயர்கள். ஆறாவதாக இருப்பது: கோலம்2.

கனகா_டீச்சர்
எங்கள் பள்ளி மதுரை இல்லை. அப்படியானால் இது வேறு ஒரு பெண்.

எமுலேட்டர்_கார்த்தி
கோப்பை எமுலேட்டரில் ஏற்றினேன். 'பேட் புரோகிராம்' என்று மறுத்துவிட்டது. உள்ளே பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு செக்டர், 256 பைட், ஓட்டை. அதற்கு முன்னும் பின்னும் நிரல் நன்றாக இருக்கிறது. முன்பாதியை மட்டும் தனியே ஓட்டினால் புள்ளிகள் வருகின்றன, இரண்டு வளைவு வருகிறது, நிற்கிறது. விட்டுப்போன வரிகளை என்னால் ஊகிக்க முடியும், ஒரு மணி நேர வேலை. முடித்துப் போடட்டுமா?

சுவடிக்காரி
வேண்டாம்! அதாவது, போடுங்கள், ஆனால் வேறு பெயரில், உங்கள் வரி எது என்று குறித்துப் போடுங்கள். ஓட்டையோடு இருக்கும் படி அப்படியே இருக்கவேண்டும். ஏட்டில் செல்லரித்த இடத்தைத் தன் சொந்தக் கவியால் நிரப்பியவர்களை நாங்கள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

சால்டர்சாமி
ஊகிக்கவே தேவை இருக்காது, பொறுங்கள். இந்தத் தட்டை எழுதியது பள்ளி டிரைவ். அதன் ஹெட் அப்போதே கொஞ்சம் விலகி இருந்திருந்தால் கார்த்தியின் டிரைவ் தடத்தின் ஓரத்தைத்தான் படித்திருக்கும். கோணலாக எழுதிய கைக்குத்தான் தன் கோணல் எழுத்து புரியும். ஏலத்தில் வந்த அந்த டிரைவைச் சுத்தம் செய்து ஓட்டினால் ஏழில் சிலதாவது வரலாம்.

சுவடிக்காரி
ஆக, கடைசியில் ஓட்டத்தான் வேண்டும் என்கிறீர்கள்.

சால்டர்சாமி
டிரைவை மட்டும் மேடம். தனி சப்ளையில் 5 வோல்ட், 12 வோல்ட் கொடுத்து கிரீஸ்வீசலில் மாட்டினால் போதும், யூனிகார்னைத் தொடவே வேண்டாம். ஹெட் திருகில் கை வைக்கமாட்டேன், சத்தியம். நேராக்கினால்தான் கெட்டுப்போகும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை ரிச்சி தெருப் பக்கம் வாருங்கள். மெஷினில் அந்தக் காகித கெப்பாசிட்டருக்குப் பதிலாகப் போட எக்ஸ்2 கெப்பாசிட்டர் இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், அதை மாட்டுவதா வேண்டாமா என்று அங்கே சண்டை போட்டுக்கொள்ளலாம்.

சுவடிக்காரி
நானும் வருகிறேன். கழற்றுவதைப் போட ஜிப் கவர் என்னிடம் இருக்கிறது.