புது மீன் தொட்டியில் வெள்ளைக் கலங்கல், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. 2 அடித் தொட்டி, சுமார் 55 லிட்டர், போர் தண்ணீர், ஸ்பாஞ்ச் ஃபில்டர். உள்ளே கப்பி மீன்கள் மட்டும்தான். தெளிவாக இருந்த தண்ணீர் இப்போது அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துவிட்டது. பின்பக்கத்து ஃபில்டர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

மணல் தூசி என்றால் இதற்குள் படிந்திருக்கும். பச்சை இல்லாததால் பாசியும் இல்லை. பாக்டீரியா பெருக்கம்தான் என்று நினைக்கிறேன். கடைக்காரரோ முழுத் தண்ணீரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதானே?

தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) 0.5 பிபிஎம். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கவில்லை. தீனியைக் குறைத்து, தினம் 20 சதவீதம் மட்டும் மாற்றிவந்தால் போதுமா? அப்புறம், நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின், நல்ல பாக்டீரியா வளர்ந்த ஃபில்டர் ஸ்பாஞ்சை இதில் போட்டால் சீக்கிரம் தெளியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். கலங்கல் நீக்கும் மருந்து மட்டும் வேண்டாம்.