ஆறு வார இன்டர்ன்ஷிப்பை நம்பி ஒரு எலக்டிவை விடலாமா?

ஆறாம்செம்

வணக்கம். அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில் 2 வார இன்டர்ன்ஷிப்புக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3 என்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் இடைவெளி இல்லாமல் செய்து 3 கிரெடிட் வாங்கினால் ஒரு புரொஃபஷனல் எலக்டிவை, அதாவது துறை சார்ந்த விருப்பப் பாடத்தை, விட்டுவிடலாம். இந்தக் கோடை விடுமுறையில் அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகள் பக்கம் தேடலாம் என்று வகுப்பில் பேச்சு. எலக்டிவை விடுவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறைப்பக்கம்

விடாதீர்கள்.

3 கிரெடிட் எலக்டிவ் என்றால் 45 பீரியட். பீரியடுக்கு 50 நிமிடம், ஆக 37½ மணி நேரம். இன்டர்ன்ஷிப்பில் அதே 3 கிரெடிட்டுக்கு வாரம் 40 மணி வீதம் 240 மணி. வீட்டில் படிக்கும் நேரத்தைச் சேர்த்து எலக்டிவை இரட்டிப்பாக்கினாலும் பக்கத்தில்கூட வராது.

நேரத்தை விடுங்கள், மதிப்பீட்டைப் பாருங்கள். எலக்டிவுக்கு ஐந்து பாட அலகு, இன்டர்னல் தேர்வுகள், பல்கலைக்கழகத் தேர்வு என்று பல கண்கள் பார்க்கின்றன. இன்டர்ன்ஷிப்பின் 100 மதிப்பெண்ணும் இன்டர்னல்தான். ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அமைக்கும் மூன்று பேர் குழு, ஒரு ரிப்போர்ட், ஒரு வைவா (வாய்மொழித் தேர்வு), நிறுவனத்தின் சான்றிதழ். நடந்த வேலையை நேரில் பார்த்தவர் அந்த மூவரில் ஒருவரும் இல்லை. மேற்பார்வை இல்லாத உழைப்புக்குக் கிரெடிட் கொடுப்பது, விடைத்தாளைத் திருத்தாமல் மதிப்பெண் போடுவது போலத்தான்.

பட்டறைக்குரல்

மேடம் போட்ட மணிக்கணக்கு சரி. அதுலேர்ந்து வர்ற முடிவு சரியில்ல. 240 மணி உழைச்சவனுக்கு 3 கிரெடிட்தான்னா, குறைவா கொடுக்குறாங்கன்னு சொல்லணும். போகாதேன்னு சொல்லக் கூடாது.

ஆறு வாரம் எப்படிப் போகும்னு சொல்றேன். சின்ன மெஷினிங் யூனிட்னு வச்சுக்கோங்க. முதல் வாரம் பையனால ஒரு பிரயோஜனமும் இருக்காது. சேஃப்டி ஷூ, கண்ணாடி, எங்க கை வைக்கக் கூடாது, எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே, டிராயிங்கை எப்படிப் படிக்கிறது, இதுக்கே ஆறு நாள் ஓடிடும். ரெண்டாவது வாரம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். மைக்ரோமீட்டர், துளை அளக்குற போர் கேஜ், பீஸ் எல்லைக்குள்ள இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்ற கோ–நோகோ கேஜ். அளந்து எழுதணும், அதை இன்ஸ்பெக்டர் மறுபடி அளந்து சரிபார்க்கணும். மூணாவது வாரம் ஒரே மெஷின் பக்கத்துல நிக்கணும். ஒரு ஜாப் முடிஞ்சு அடுத்த ஜாப் செட்டிங் மாத்த எவ்வளவு நேரம் ஆகுது, அதுல டூல் தேடுறதுக்கு எவ்வளவு, டூலோட ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போட எவ்வளவுன்னு வாட்ச் வச்சுக் குறிக்கணும். நாலாவது வாரம் ரிஜெக்‌ஷன் பெட்டியைக் கொட்டி, என்ன காரணத்தால எத்தனை பீஸ் போச்சுன்னு பிரிக்கணும். கடைசி ரெண்டு வாரம்தான் ஏதாவது ஒரு சின்னப் பிரச்சினையை அவனே எடுத்துப் பார்க்க முடியும்.

அதனாலதான் 2 வாரத்துல வர்றவனுக்கு ஒண்ணும் ஒட்டாது. அளக்கக் கத்துக்கிட்ட அன்னிக்கே சான்றிதழ் வாங்கிட்டுக் கிளம்பிடுவான். ஆறு வாரம்னா கொஞ்சம் மேல. செட்டிங் நேரத்தை வாட்ச் வச்சுப் பார்த்தவனுக்கு புரொடக்‌ஷன் பிளானிங் பாடம் வேற மாதிரி புரியும்.

கிரெடிட்கணக்கு

ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி என்பதில் அமைப்புக்கு அமைப்பு வேறுபாடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாதிட்டால் ஆளுக்கொரு முழக்கோல் வைத்து அளப்பது போலாகும்.

அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறை: 2 வாரம், அதாவது 80 மணிக்கு 1 கிரெடிட். பொறியியல் கல்லூரிகளுக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் கொள்கை: 40 முதல் 45 மணிக்கு 1. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வழிகாட்டும் யு.ஜி.சி. கட்டமைப்பு: 30 மணிக்கு 1. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பும் ஆண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட் என்று அதே 30 மணியைத்தான் பிடிக்கிறது.

ஆகவே ஒரே 240 மணி வேலை ஓரிடத்தில் 3 கிரெடிட், ஓரிடத்தில் 5 அல்லது 6, இன்னோரிடத்தில் 8. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர் தன் கல்லூரியின் ஒழுங்குமுறையைப் பார்க்க வேண்டும். நண்பன் கல்லூரிக் கணக்கு இங்கே செல்லாது.

வகுப்பறைப்பக்கம் மேடத்துக்கு ஒன்று. எலக்டிவோடு ஒப்பிட்டீர்கள், லேபோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். லேபில் 2 பீரியட் ஒரு கிரெடிட். 15 வாரத்துக்கு 30 பீரியட், 25 மணி நேரம். கையால் செய்யும் வேலைக்குக் கல்லூரிக்குள் 25 மணி போதும், கல்லூரிக்கு வெளியே 80 மணி வேண்டும் என்பதற்கு ஒரே நியாயம், வெளியே மேற்பார்வை தளர்வாக இருக்கும் என்ற ஊகம்தான். அந்த ஊகத்தைச் சரிசெய்தால் கிரெடிட்டையும் கூட்டலாமே?

வகுப்பறைப்பக்கம்

லேபோடு ஒப்பிடச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தளர்வு ஊகமல்ல. இன்டர்ன்ஷிப் லாக் புக்கில் இப்படி ஒரு பக்கம் வருகிறது:

“நாள் 9. 25 எச்6 ஷாஃப்ட் 40 எண்ணம் வெர்னியர் கேலிப்பரால் அளந்தேன். அனைத்தும் சரி.”

கீழே நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்ப், ஒரு கையெழுத்து.

எச்6 என்பது டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்பதன் குறியீடு. 25 மி.மீ. ஷாஃப்டுக்கு எச்6 என்றால் மேல் எல்லை 25.000, கீழ் எல்லை 24.987. இடைவெளி 0.013 மி.மீ. சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவு 0.02. அதில் 24.98க்கும் 25.00க்கும் நடுவில் வேறு கோடே கிடையாது. மொத்த டாலரன்ஸும் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. 40 ஷாஃப்டும் சரி என்று அந்தக் கருவியால் சொல்லவே முடியாது. 0.001 படிக்கும் மைக்ரோமீட்டரோ ஸ்நாப் கேஜோ வேண்டும்.

மாணவர் தவறு செய்வது இயல்பு, அதற்குத்தான் பயிற்சி. கையெழுத்துப் போட்டவர் அந்த வரியைப் படிக்கவில்லை என்பதுதான் என் கவலை. படித்திருந்தால் அங்கேயே கூப்பிட்டுத் திருத்தியிருப்பார். அந்தத் திருத்தம்தான் கிரெடிட்டுக்குரிய கல்வி. அது நடக்காத நாளில் மாணவர் ஆலைக்குள் இருந்தார், அவ்வளவே.

கல்லூரியும் தப்ப முடியாது. ஒரு வகுப்பில் 60 பேர், ஆளுக்கு இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்தால் 120 பயணம். கும்மிடிப்பூண்டியிலிருந்து மறைமலை நகர் வரை சிதறிக் கிடப்பவர்களை, பாட வேளைக் குறைப்பு எதுவும் கிடைக்காத ஆசிரியர் எப்படிப் பார்ப்பார்?

பட்டறைக்குரல்

அந்தப் பக்கத்துக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம். கையெழுத்துப் போட்டவர் மேல தப்பு.

ஆனா இதைத் தடுக்க 120 பயணம் தேவையில்ல. லாக் புக்கோட ஃபார்மேட்டை மாத்தினா போதும். இப்போ “இன்று செய்த வேலை”ன்னு ஒரே கட்டம். அதுல என்ன வேணாலும் எழுதலாம். அதுக்குப் பதிலா அஞ்சு கட்டம் போடுங்க: எந்தப் பார்ட், எந்தக் கருவி, அதோட மிகச் சிறிய அளவு, எடுத்த ரீடிங், யார் திருத்தினாங்க என்ன திருத்தினாங்க. கடைசிக் கட்டம் வாரம் முழுக்கக் காலியா இருந்தா மேற்பார்வை நடக்கலன்னு அர்த்தம். “அனைத்தும் சரி”ன்னு எழுத இடமே இருக்காது, நம்பர் எழுதியாகணும்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடியுறப்போ சூப்பர்வைசர் 15 நிமிஷம் உட்காரணும். ஆறு வாரத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம். சேர்க்கிறப்பவே இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினா சின்ன யூனிட்லகூட முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. அந்த வாரப் பக்கத்தை ஃபோன்ல படம் எடுத்து அன்னிக்கே கைடுக்கு அனுப்பணும். ஆறாவது வாரம் மொத்தமா உட்கார்ந்து எழுதுற பழக்கம் அதோட நிக்கும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நாள்ல போட்ட 36 பக்கத்தைப் பார்த்தாலே தெரியுமே.

தரமணி78

இன்னும் சிலதைச் சேர்க்கிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு ஐந்து நாள் “இன்பிளான்ட் டிரெய்னிங்” என்று கணினி முன் உட்கார வைத்து, தேதியை நீட்டிச் சான்றிதழ் தரும் இடங்கள் இருக்கின்றன. வைவாவில் டிராயிங்கும் ரீடிங்கும் கேட்டால் அங்கேயே அகப்பட்டுவிடும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் கல்லூரிக் கிரெடிட்டுக்கு நம்ப வேண்டாம். அது 2024இல் தொடங்கியபோது 21 முதல் 24 வயதுக்குட்பட்ட, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கானதாக இருந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது தகுதி பெறவில்லை. தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக வரும் அப்ரண்டிஸ் பயிற்சி வேறு. பெரும்பாலும் பட்டம் முடித்த பிறகு. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2019இல் மாதம் ரூ. 9,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பி விண்ணப்பித்துவிட்டு மே மாதத்தைத் தொலைக்காதீர்கள்.

மாணவிகள் கவனத்துக்கு: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும், சம்பளம் இல்லாவிட்டாலும். முதல் நாளிலேயே உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் கிடையாது என்பதைக் கல்லூரி அனுப்பும் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கல்லூரியின் விபத்துக் காப்பீடு வளாகத்துக்கு வெளியேயும் செல்லுமா என்பதையும் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆறாம்செம்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அம்பத்தூர் யூனிட்கள் பல வாரம் ஆறு நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 48 மணி. 5 வாரத்திலேயே 240 மணி வந்துவிடுகிறது. 3 கிரெடிட் கேட்கலாமா? நடுவில் அரியர் தேர்வு (தவறிய பாடத்தின் மறுதேர்வு) வந்தால் என்ன ஆகும்?

கிரெடிட்கணக்கு

கேட்காதீர்கள். ஒழுங்குமுறை வாரத்தைச் சொல்லி, வாரத்துக்கு 40 மணி என்று விளக்குகிறது. சான்றிதழில் 5 வாரத் தேதிகள் இருந்தால் துறை அதை 4 வாரமாகப் பிடித்து 2 கிரெடிட் போட வாய்ப்பு உண்டு. ஆறு வாரத் தேதியும் வேண்டும், 240 மணியும் வேண்டும். சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வேலை செய்த நாட்கள், மொத்த மணி, மேற்பார்வையாளர் பதவி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். “கோடைக்காலத்தில் பயிற்சி பெற்றார்” என்று பொதுவாக எழுதிய சான்றிதழ் குழுவின் முன் நிற்காது.

அரியர் தேர்வு: “ஒரே நிறுவனம், தொடர்ச்சியாக” என்ற நிபந்தனை எலக்டிவை விடுவதோடு கட்டியது. தேர்வு நாட்களுக்கு நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் விடுப்புக் கேட்டு, அத்தனை நாளைக் கடைசியில் சேர்த்து வேலை செய்யுங்கள். பாதியில் நிறுத்தி வேறு இடம் போனால் எலக்டிவ் கதை முடிந்தது.

இதைவிட முக்கியம், எலக்டிவை விடும் சலுகை பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் விதிக்கப்படாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மெக்கானிக்கல் 2021 பாடத்திட்டத்தில் 2 வார சம்மர் இன்டர்ன்ஷிப் ஏற்கெனவே 1 கிரெடிட்டாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் துறையிலும் அப்படி இருந்தால், கிளம்புவதற்கு முன் ஹெச்.ஓ.டி.யிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் (ஏ.பி.சி.) கணக்கில் நிறுவனச் சான்றிதழை நீங்களே ஏற்ற முடியாது. கல்லூரி வழியாகத்தான் ஏறும்.

வகுப்பறைப்பக்கம்

பட்டறைக்குரல் சார் சொன்ன ஐந்து கட்ட லாக் புக்கை நான் ஏற்கிறேன். துறைக் கூட்டத்தில் வைக்க வேண்டிய யோசனை அது.

ஆனாலும் எலக்டிவை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விருப்பத்தின் பேரில் செய்யும் இன்டர்ன்ஷிப் கிரெடிட் எப்படியும் மதிப்பெண் பட்டியலில் தனியாக வந்துவிடும். விட்டுக்கொடுத்துத்தான் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டாலரன்ஸை யூனிட்டில் கையால் தொட்டவர், அடுத்த செமஸ்டரில் மெட்ராலஜி (அளவையியல்) சார்ந்த எலக்டிவைப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

பட்டறைக்குரல்

அங்கதான் மேடம் நமக்குள்ள ஒத்துப்போகாது. கடைசி வருஷம் புராஜெக்ட், பிளேஸ்மென்ட் டெஸ்ட் எல்லாம் ஒண்ணா வரும். 240 மணி உழைச்ச பையனுக்கு வாரம் 3 பீரியட் மிச்சமானா, அதை யூனிட்ல எடுத்த அதே பிரச்சினையை புராஜெக்டா தொடரப் பயன்படுத்தலாம். கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957ல ஆரம்பிச்சதே இந்த முறையிலதான். ஒரு டெர்ம் படிப்பு, ஒரு டெர்ம் வேலைன்னு மாத்தி மாத்தி. வேலையைப் படிப்போட உபரியா அவங்க வைக்கல. நம்ம ஊர்லயும் சாண்ட்விச் டிப்ளமா ஏழு செமஸ்டரா நடக்குது, வேலையும் அதுக்குள்ளதான்.

தம்பிக்கு: எந்த எலக்டிவை விடுறதுன்னு யூனிட்டுக்குப் போறதுக்கு முன்ன முடிவு பண்ணாதீங்க. நாலாவது வாரம் ரிஜெக்‌ஷன் பெட்டியைப் பிரிச்ச பிறகு முடிவு பண்ணுங்க. எந்தப் பாடம் தெரியாம தடுமாறினீங்களோ அதை விடக் கூடாது. ரிப்போர்ட்ல கஸ்டமர் டிராயிங்கை அப்படியே ஒட்டாதீங்க, பார்ட் நம்பரையும் கம்பெனி பேரையும் மறைச்சு அளவை மட்டும் நீங்களே வரைஞ்சு போடுங்க. பிரிண்ட் எடுக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்ன சூப்பர்வைசர்கிட்ட காட்டிடுங்க, கடைசி நாள் கேட்டா கையெழுத்து லேட்டாகும்.