காத்தா தண்ணியா? புயலுக்கு அப்புறம் தனியார் இன்ஷூரன்ஸ் கை கொடுக்குதா கழுத்தறுக்குதா

சங்குப்பூச்சி:
2022 செப்டம்பர் 28 இயன் புயல் அடிச்சப்ப நாங்க ஃப்ளோரிடா லீ கவுண்டில தான் இருந்தோம், கூரை பாதி பிச்சுகிட்டு போச்சு அப்புறம் கடல் தண்ணி முழங்கால் அளவு உள்ள வந்து தரை, ட்ரைவால் (உள்சுவர் பலகை), ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. 11 வருஷமா ஒரு மாசம் விடாம பிரீமியம் கட்டினவன் நான். அட்ஜஸ்டர், அதாவது சேதத்த கணக்கு பாக்கிற இன்ஷூரன்ஸ் ஆள் வந்தாரு, சுவத்துல தண்ணி நின்ன கோட்டை டேப் வெச்சு அளந்தாரு, கோட்டுக்கு கீழ இருக்கிறது வெள்ளம், அது எங்க கணக்கு இல்லன்னுட்டாரு. மேல உள்ளதுக்கும் புயல் டிடக்டபிள் 2 சதவீதம், சேதத்துல 2 இல்ல சாமி, வீட்டை எவ்ளோவுக்கு இன்ஷூர் பண்ணிருக்கோமோ அதுல 2. 4 லட்சம் டாலர் வீடுன்னா முதல் 8,000 நம்ம பாக்கெட். தனியாரை தூக்கிட்டு அரசாங்கமே நடத்தணும்.

ஆடிட்டர்மாமா:
கஷ்டம் தான் தம்பி, ஆனா வீட்டு பாலிசில வெள்ளம் கிடையாதுன்னு அமெரிக்கா முழுக்க எழுதியே தான் இருக்கு. தனியார் யாரும் விக்க மாட்டேன்னதால தான் 1968ல மத்திய அரசே வெள்ள இன்ஷூரன்ஸ் ஆரம்பிச்சது. நீங்க கேக்குற அரசு இன்ஷூரன்ஸ் அது தான். வீட்டுக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், அதுக்கு மேல கிடையாது, அதுலயும் கடன் ஏறி ஏறி 2017ல அமெரிக்க நாடாளுமன்றம் 16 பில்லியனை தள்ளுபடி பண்ணுச்சு, அப்புறமும் 20 பில்லியன் பாக்கி. உங்க கிட்ட ஃப்ளட் பாலிசி இருந்துச்சா இல்லையா, அத சொல்லுங்க முதல்ல.

கடலோரக்கிளி:
மாமா கம்பெனிக்காரர் மாதிரியே பேசுறாரு 😀 2005 கத்ரீனா புயல்ல மிசிசிப்பி கரைல வீடு இருந்த இடத்துல வெறும் சிமெண்ட் தளம் தான் மிச்சம், காத்து முதல்ல இடிச்சுதா தண்ணி இடிச்சுதான்னு யார் சொல்றது? ரெண்டும் சேந்து அடிச்சா காத்துக்கும் பணம் இல்லன்னு ஒரு வரி பாலிசிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். செனட்டர் ட்ரென்ட் லாட்டே வீடு போய் தன்னோட இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல கேஸ் போட்டாரு, நாட்டுக்கே சட்டம் போடுற இடத்துல இருந்தவரு! இன்னொன்னு, அரசு ஃப்ளட் பாலிசிய விக்கிறதும் க்ளெய்ம் பாக்கிறதும் பெரும்பாலும் இதே தனியார் கம்பெனிங்க தான். காத்து சேதத்த தண்ணி சேதம்னு எழுதினா பில் அரசாங்கத்துக்கு போயிடும். அப்படி எழுதினதா ஒரு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2016ல கம்பெனி தோத்துச்சு.

ஆடிட்டர்மாமா:
திருட்டுத்தனம் பண்ணா தண்டனை குடு, யார் வேணாம்னா. ஆனா பணம் எங்கிருந்து வரும்னு யாரும் யோசிக்கிறதில்ல. 1992 ஆண்ட்ரூ புயல் ஒரே நாள்ல 15 பில்லியன் டாலருக்கு மேல க்ளெய்ம், பல கம்பெனி மூழ்கியே போச்சு. அதுக்கப்புறம் தான் 1993ல இன்ஷூரன்ஸ் கம்பெனிங்களுக்கு கை கொடுக்க ஃப்ளோரிடா புயல் நிதின்னு ஒண்ணு வெச்சாங்க. இன்னைக்கு உங்க கூரைக்கு வர்ற செக்ல பெரிய பங்கு வெளிநாட்டு ரீஇன்ஷூரன்ஸ்காரன், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே இன்ஷூரன்ஸ் குடுக்கிறவன் காசு. அரசே நடத்தினா? ஃப்ளோரிடால சிட்டிசன்ஸ்னு ஒரு வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி, அது அரசு கம்பெனி தானே, அதுக்கு பணம் பத்தலன்னா ஃப்ளோரிடால கார் இன்ஷூரன்ஸ் வெச்சிருக்கவன் தலைலயும் சேத்து கட்டுவாங்க, வாடகை வீட்ல இருக்கிற பையன் கூட உங்க பீச் வீட்டுக்கு காசு கட்டணும்.

பயூவாசி:
லூசியானால இருந்து எழுதுறேன். 2020 லாரா புயல், 2021 ஐடா புயல், அதுக்கப்புறம் ஒரு டஜன் கம்பெனி கிட்ட இழுத்து மூடிட்டாங்க, க்ளெய்ம் பாதில நிக்குது, போன் எடுக்க ஆளில்ல. எங்க தெருல நீல தார்ப்பாய் மாசக்கணக்குல கூரை மேல கிடந்து வெளுத்தே போச்சு. அரசா தனியாரான்னு நீங்க அடிச்சுக்குங்க. கொஞ்சம் தள்ளி அலபாமால கூரைய பலமா ஆணி அடிச்சு பலகை இடுக்க சீல் பண்ணா அரசு கிராண்ட் குடுக்குது, பிரீமியமும் குறையுது. எனக்கு இந்த சண்டையில உருப்படியா தெரியிறது அது ஒண்ணு தான்.

கடலோரக்கிளி:
2022 டிசம்பர்ல ஃப்ளோரிடா சட்டத்தையும் மாத்திட்டாங்க, புது பாலிசில கேஸ் ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸ கம்பெனி தராது. 20,000 டாலர் பாக்கிக்கு எந்த வக்கீல் வருவான்?

ஆடிட்டர்மாமா:
அந்த ஃபீஸுக்காகவே கூரைக்காரனும் வக்கீலும் வீடு வீடா கதவ தட்டினத மறந்துட்டியே கிளி. சங்கு, கேட்டதுக்கு பதில் வரல.

சங்குப்பூச்சி:
இல்ல மாமா, ஃப்ளட் பாலிசி எடுக்கல. எங்க ஏரியா வெள்ள மேப்ல ஜோன் எக்ஸ், அதாவது ஆபத்து கம்மின்னு போட்ட இடம், கட்டாயம் இல்லன்னு வீட்டு லோன் குடுத்த பேங்க் சொல்லிச்சு, நானும் மிச்சம்னு விட்டுட்டேன். அதுக்காக அட்ஜஸ்டர் மேல இருக்கிற கோவம் போகல, கோட்டுக்கு மேல ரெண்டு அடி ட்ரைவால் கூரை ஒழுகி தான் ஊறிச்சு, அதையும் வெள்ளத்துல சேத்துட்டாரு. இன்னைக்கு ஃப்ளட் பாலிசிக்கு போன் போட்டேன், 30 நாள் கழிச்சு தான் அமலாகுமாம், புயல் சீசன் ஜூன் 1 ஆரம்பம். கூரைக்கு வந்த செக் வேற என் பேரும் பேங்க் பேரும் சேந்து வந்திருக்கு, பேங்க் கையெழுத்து போடாம மூணு வாரமா வெச்சிருக்கு, கூரைக்காரன் தினம் மெசேஜ் போடுறான். அந்த கையெழுத்த சீக்கிரம் வாங்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.