வார்ப்புரு இனக்குழுவின் நட்புச் செயற்குறி: ஒரே சொல் போதுமா?

எல்லோருக்கும் வணக்கம். சி++ நிரல்மொழியில் ஓர் இனக்குழுவின் (கிளாஸ்) பிரைவேட் உறுப்புகளை, அதாவது வெளியார் தொட முடியாதவற்றை, வெளியிலிருக்கும் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தொட அனுமதிப்பதே ஃபிரண்ட், தமிழில் நட்பு. அந்த இனக்குழு வார்ப்புருவாக (டெம்ப்ளேட்), அதாவது பல தரவு வகைகளுக்கும் பொதுவான அச்சாக இருந்தால், அதன் நட்புச் செயற்கூறைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

தொண்டி அக்கா சொன்ன ‘வார்ப்புரு நட்புச் செயற்கூறு’ கேட்க நன்றாக இருக்கிறது. 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் இனக்குழு, செயற்கூறு, பணிமிகுப்பு (ஓவர்லோடிங்: ஒரே பெயருக்குப் பல பணி) ஆகிய சொற்களோடும் ஒத்துப்போகும். ஆனால் சி++ இல் பிள்ளைகள் இடறி விழும் இடமே அந்தப் பெயரில் மறைந்துபோகிறது. வார்ப்புரு இனக்குழுவுக்குள் அறிவித்துவிட்டால் மட்டும் நட்புச் செயற்கூறு வார்ப்புரு ஆகிவிடாது.

‘பெட்டி<டி>’ என்றொரு வார்ப்புரு; ‘டி’ இருக்கும் இடத்தில் இன்ட் (முழு எண்), டபுள் (தசம எண்) என எந்தத் தரவு வகையும் வரலாம். அதை அச்சிட வேண்டி << செயற்குறியை (ஆபரேட்டர்; இதுவும் ஒரு செயற்கூறுதான்) உள்ளே ஃபிரண்ட் என்று அறிவித்துவிட்டு, உடலை (அது செய்யும் வேலைக்கான வரிகளை) வெளியே ஒரு வார்ப்புருவாக எழுதுகிறோம். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஜிசிசி என்ற கம்பைலர் ஓர் எச்சரிக்கை விடும், யார் படிக்கிறார்கள்? கடைசியில், துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்க்கர் ‘வரையறை இல்லை’ என்று நிறுத்திவிடும். பெட்டி<இன்ட்> உருவாகும்போது, உள்ளே இருந்த அறிவிப்பு இன்ட்டுக்கென்று ஒரு சாதாரணச் செயற்கூறை அறிவிக்கிறது. வெளியே நாம் எழுதியது வேறொன்று. இரண்டும் சமமாகப் பொருந்தினால் சாதாரணச் செயற்கூறுக்கே முன்னுரிமை, அதற்கோ உடலே கிடையாது. நம் கரையில் ஓடும் ஃபைபர் படகை அச்சில்தானே வார்க்கிறார்கள், இதுவும் அப்படித்தான். வார்த்து வெளிவரும் ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஆளின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, ஆள் மட்டும் கரையில் இல்லை.

இந்த வகைக்கு என் பரிந்துரை ‘தனிநட்பு’. உடலையும் இனக்குழுவுக்குள்ளேயே எழுதிவிட்டால் லிங்க்கர் பிரச்சினை தீர்ந்தது. அதை ‘உள்நட்பு’ எனலாம். மண்டபத்துத் தம்பி ‘மறைநட்பு’ என்று எழுதியிருந்தார். அந்த இனக்குழுவின் பொருள் அளபுருவாக (செயற்கூறுக்கு அனுப்பும் மதிப்பாக) வந்தால்தான் கம்பைலர் கண்ணில் இது படும் என்பதால் பொருத்தம்தான். ஆனால் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சு சிரித்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

செயற்கூறு வார்ப்புருவை முன்கூட்டியே அறிவித்து, ஃபிரண்ட் வரியில் செயற்குறியின் பெயரையடுத்து <> போட்டால், பெட்டி<இன்ட்>டுக்கு இன்ட்டின் செயற்கூறு மட்டுமே நட்பு. இது ‘இணைநட்பு’. ஃபிரண்ட் வரியையே ‘டி’யைப் போலத் தனக்கென வேறோர் அளபுருவுள்ள வார்ப்புருவாக எழுதினால் ‘பொதுநட்பு’; டபுளுக்கான செயற்கூறும் இன்ட் பெட்டியின் பிரைவேட் உறுப்புகளைத் தொடலாம். பெரும்பாலும் தேவைக்கு மீறிய தாராளம் இது.

அப்புறம், நட்புக்குப் பதிலாகக் கீழக்கரை அண்ணன் கேட்ட ‘கூட்டாளி’. நம் பக்கத்துப் பேச்சுச் சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் தொழிலில் கூட்டாளி என்றால் பங்குக்காரர் என்றும் ஆகிறது. சி++ நண்பருக்குப் பங்கு எதுவும் கிடையாது, உள்ளே இருப்பதைத் தொட அனுமதி மட்டும்தான். அந்த அனுமதியும் ஒருவழி. மரபுரிமத்தில் (ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்றை உருவாக்கும்போது) இறங்காது, நண்பரின் நண்பருக்கும் போகாது. அதனால் நட்பு என்றே இருக்கட்டும் என்கிறேன்.

ஆய்வகக் கையேட்டில் தனிநட்பு, உள்நட்பு, இணைநட்பு மூன்றையும் சேர்க்கப் போகிறேன். பொதுநட்பு மட்டும் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. ‘பொது’ என்றதும் பிள்ளைகள் பப்ளிக் (யாரும் தொடலாம்) என்று நினைத்துவிடுவார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.