புது கேமிங் லேப்டாப்: டச்பேட் அடம்பிடிக்கிறது, கிராபிக்ஸ் கார்டு தூங்குகிறது

மூன்றாம்மாடி:
கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதி வாசம். ஒன்பது நாள்களுக்கு முன்பு ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒன்று வாங்கினேன். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம், அதனால்தான் இவ்வளவு பதற்றம். மூன்று கோளாறுகள். விளையாட்டில் டபிள்யூ விசையை அழுத்தி நடக்கும்போது டச்பேட் செத்துவிடுகிறது. விசையை விட்டால்தான் திரும்பிப் பார்க்க முடிகிறது. இரண்டாவது, சில நேரங்களில் விரல் வைத்த மாத்திரத்தில் கர்சர் வெட்டி வெட்டிக் குதிக்கிறது. மூன்றாவது, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை ஷேடர் (ஒளி, நிழலை அழகாக்கும் கூடுதல் நிரல்) போட்டு ஓட்டினால் நொடிக்கு 28 ஃபிரேம்தான் வருகிறது. கடையில் கேட்டால், "ஏழு நாள் முடிந்துவிட்டது, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுவதா, நானே சரிசெய்துகொள்ள முடியுமா?

சுத்தக்காரன்:
புது லேப்டாப் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, கம்பெனி போட்டுத் தந்த விண்டோஸை வழித்து எறிவதுதான். தேவையில்லாத பத்து மென்பொருள்கள், காலாவதியான டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்கள்), எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கும். பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றுங்கள், பழைய பார்ட்டிஷன்களை அழியுங்கள், புதிதாக நிறுவுங்கள். மூன்று கோளாறும் ஒரே மாலையில் தீரும்.

எலிப்பொறி:
டச்பேடில் விளையாடுவதே தவறு. ஐந்நூறு ரூபாய்க்கு மவுஸ் கிடைக்கிறது. வாங்குங்கள், முதல் இரண்டு கோளாறும் போயே போய்விடும்.

செம்புக்கம்பி:
தம்பி, எதையும் அழிப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கர்சர் குதிப்பது சார்ஜர் செருகியிருக்கும்போதா, செருகாதபோதா? சார்ஜரை எந்த மாதிரியான சாக்கெட்டில் செருகுகிறீர்கள்? அந்த 28 ஃபிரேம் பேட்டரியில் வந்ததா, சார்ஜரில் வந்ததா? நான் இருபது வருடங்களாக மதுரையில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். கேள்வி கேட்காமல் ஃபார்மட் செய்தவர்கள் கொண்டுவந்த மிஷின்களில்தான் எனக்கு வருமானமே.

சுத்தக்காரன்:
வருமானத்துக்கு வழி தேடுகிறவர் யார் என்று தெரிகிறது. டிரைவர் பிரச்சினைக்குப் பிளக் ஜோசியம் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

வேகத்தடை:
கிராபிக்ஸ் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த இழவுக்கு மூலகாரணம் ஆப்டிமஸ் வகைக் கலப்பு ஏற்பாடு. 2010இல் என்விடியா இதைக் கொண்டுவந்தபோது பேட்டரி மிச்சமாகட்டும் என்பதுதான் நோக்கம். திரைக்கு வயர் போவது பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸிலிருந்து. பெரிய கார்டு படத்தை வரைந்து அதனிடம் நகலாகக் கொடுக்க வேண்டும், அது திரைக்கு அனுப்ப வேண்டும். நடுவில் எதற்குத் தரகர்? உங்கள் லேப்டாப்பில் மக்ஸ் ஸ்விட்ச் (திரை எந்தக் கிராபிக்ஸோடு இணைய வேண்டும் என்று மாற்றும் வசதி) இருந்தால் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ்) போய்ப் பெரிய கார்டை நேரடியாகத் திரையோடு இணைத்துவிடுங்கள். காசு கொடுத்தது அந்தக் கார்டுக்குத்தானே?

செம்புக்கம்பி:
தரகர் கமிஷன் எடுப்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 7 மில்லி நொடி. அங்கே இந்த நகலெடுப்பு உறுத்தும்தான். இவருக்கு ஒரு ஃபிரேமுக்கு 36 மில்லி நொடி ஆகிறது. இது தரகர் எடுத்த கமிஷன் இல்லை. முதலாளி கடைக்கே வரவில்லை என்று அர்த்தம். விளையாட்டு முழுவதும் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடுகிறது என்பது என் சந்தேகம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினால் தெரிந்துவிடும்: ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், எது உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. பெரிய கார்டை நிரந்தரமாகத் திரையில் கட்டிவிட்டால், வகுப்பில் வெறும் பிடிஎஃப் படிக்கும்போதும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி மதியத்தைத் தாண்டாது.

வேகத்தடை:
வகுப்பில் பிடிஎஃப் படிக்க நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கலாமே, கேமிங் லேப்டாப் எதற்கு?

மூன்றாம்மாடி:
மன்னிக்கவும், செம்புக்கம்பி ஐயாவின் கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்பே முதல் யோசனையைச் செய்துவிட்டேன். விண்டோஸ் புதிதாக ஏறிவிட்டது. இப்போது டச்பேட் அசையவே இல்லை. வைஃபையும் இல்லை. டாப் விசையை அழுத்தி அழுத்தித்தான் நகர்கிறேன். இதைப் போனிலிருந்து எழுதுகிறேன்.

செம்புக்கம்பி:
வாழ்த்துகள், சுத்தக்காரரே. நன்றாகச் சுத்தம் செய்துவிட்டீர்கள்.

தம்பி, பயப்பட வேண்டாம், எதுவும் உடையவில்லை. இப்போதைய டச்பேடுகள் பெரும்பாலும் ஐ2சி என்ற இணைப்பில் மதர்போர்டோடு பேசுகின்றன. இன்டெல் பிராசசர் என்றால் அந்த இணைப்பைத் திறந்துவிட சீரியல் ஐஓ என்ற டிரைவர் வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே டச்பேட் இருக்கிறது என்பதே விண்டோஸுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், இணையம் வந்துவிடும். பிறகு லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடி சிப்செட், சீரியல் ஐஓ, வைஃபை என்ற வரிசையில் நிறுவுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் கடைசியில். இன்று இரவுக்கு மட்டும் எலிப்பொறி சொன்ன மவுஸை யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

எலிப்பொறி:
முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சுத்தக்காரன்:
டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறை தவறு என்று சொல்ல மாட்டேன். தம்பி, விண்டோஸ் சும்மா இருக்கும்போது எடுக்கும் நினைவகம் (ரேம்) எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
இரவு ஒன்றரை மணிக்கு எல்லாம் திரும்ப வந்துவிட்டது, ஐயா. சும்மா இருக்கும்போது எடுக்கும் நினைவகம் கிட்டத்தட்ட இரண்டு ஜிபி குறைந்திருக்கிறது, அது சுத்தக்காரன் அண்ணன் சொன்னபடிதான். ஆனால் மூன்று கோளாறும் அப்படியே இருக்கின்றன.

கேள்விகளுக்குப் பதில்: கர்சர் குதிப்பது சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும்தான். கட்டில் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு பின் துளைதான் இருக்கிறது, கன்வெர்டர் மாட்டிச் செருகுகிறேன். கர்சர் குதிப்பதால் விளையாடும்போது சார்ஜரைக் கழற்றிவிடுவேன். 28 ஃபிரேம் பேட்டரியில் பார்த்ததுதான். ஜிபியு 1, அதாவது பெரிய கார்டு, பூஜ்யத்திலேயே கிடக்கிறது.

செம்புக்கம்பி:
முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சார்ஜரில் கோளாறு, அதனால் பேட்டரியில் விளையாடுகிறீர்கள், பேட்டரியில் எந்தக் கேமிங் லேப்டாப்பும் அரை உயிரோடுதான் ஓடும். 4050 லேப்டாப் கார்டுக்கு என்விடியா சொல்லும் மின்திறனே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. அந்த மேல்வரம்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் சுவரிலிருந்து மின்சாரம் வர வேண்டும்.

அடுத்து, விளையாட்டைப் பெரிய கார்டுக்கு அனுப்புவது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போங்கள். அங்கே லாஞ்சரைச் சேர்த்தால் பயனில்லை. லாஞ்சர் கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேன் மட்டும்தான். உண்மையில் ஓடுவது ஜாவாடபிள்யூ என்ற நிரல். விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் வலது கிளிக் செய்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று திறந்து பார்த்து, அந்தக் கோப்பையே சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். மக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

டபிள்யூ விசை விவகாரம் கோளாறே இல்லை. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடக்கூடாது என்பதற்காக விண்டோஸ் போட்ட காவல் அது. டச்பேட் செட்டிங்ஸில் சென்சிட்டிவிட்டி மீடியத்தில் இருக்கும். மோஸ்ட் சென்சிட்டிவ் என்று மாற்றினால் காவல் விலகிவிடும்.

எலிப்பொறி:
விலகியபின் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். ஒரு பத்தி தட்டச்சு செய்து முடிப்பதற்குள் கட்டைவிரல் பட்டு, எழுதுவது எல்லாம் மூன்று வரி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அனுபவித்திருக்கிறேன், அதுவும் ஒரு ஆன்லைன் தேர்வில். விளையாட்டுக்காக எழுதும் வேலையைக் கெடுத்துக்கொள்வதா?

செம்புக்கம்பி:
நியாயம்தான். ஆட்டம் முடிந்ததும் பழையபடி மீடியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அல்லது உங்கள் மவுஸ். இந்த ஒன்றில் உங்களோடு சண்டை போட என்னிடம் சரக்கு இல்லை.

சுத்தக்காரன்:
சார்ஜர் பற்றிய தத்துவத்தை இன்னும் யாரும் விளக்கவில்லை. சார்ஜருக்கும் டச்பேடுக்கும் என்ன உறவு? சார்ஜர் செருகினால் பவர் பிளான் மாறுகிறது, அதோடு டிரைவரின் நடத்தையும் மாறுகிறது. இது மென்பொருள் கோளாறாக ஏன் இருக்கக்கூடாது?

செம்புக்கம்பி:
இருக்கலாம். ஆனால் முதலில் மலிவான காரணத்தைத் தள்ளுபடி செய்வது என் வழக்கம். டச்பேட் என்பது விரலின் மின் தேக்கத்தை அளக்கும் தட்டு; மிக நுண்ணிய மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடும். சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவில் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அந்த இரைச்சல் இறங்கிப் போக வேண்டிய வழி எர்த் பின். கன்வெர்டர் மாட்டி அந்த வழியை அடைத்துவிட்டால், லேப்டாப்பின் உடம்பு முழுவதும் சுமார் பாதி வோல்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் தொட்டால் கூச்சம் தெரியும், டெஸ்டர் மினுக்கும். விரல் வைத்தால் டச்பேடுக்கு விரலும் தெரியும், இரைச்சலும் தெரியும். அதைத்தான் குதிப்பு என்கிறோம்.

தம்பி, கன்வெர்டரை எறிந்துவிட்டுச் சுவரில் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள்.

மூன்றாம்மாடி:
கிராபிக்ஸ் சரியாகிவிட்டது! பேட்டரியில் 47, சார்ஜர் போட்டால் 90க்கு மேல். திரையும் 60 ஹெர்ட்ஸில் கிடந்தது, 144க்கு மாற்றினேன்.

ஆனால் மூன்று பின் சாக்கெட்டிலும் கர்சர் குதிக்கிறது, ஐயா. அறை மூலையில் நின்றுகொண்டே பார்த்தேன்.

சுத்தக்காரன்:
சொன்னேனே. எர்த்தும் இல்லை, கிர்த்தும் இல்லை. டச்பேட் டிரைவரின் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

வேகத்தடை:
90க்கு மேல் வந்துவிட்டால் மக்ஸ் போட்டுப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் கூடும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

செம்புக்கம்பி:
சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாளை லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபுக்குப் போங்கள். அங்கே எர்த் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். அங்கும் குதித்தால் சுத்தக்காரர் சொல்வதைக் கேளுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். விடுதி சாக்கெட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

மூன்றாம்மாடி:
லேபில் ஒரு மணி நேரம் சார்ஜரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூடக் குதிக்கவில்லை.

திரும்பி வந்து வார்டனிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. லேப்டாப் மூடியில் கையை வைக்கச் சொன்னேன். "சுர்ர்" என்றதும் கையை இழுத்துக்கொண்டார். மாலையில் எலக்ட்ரீசியன் வந்து மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினார். பச்சை வயர் உள்ளே இருந்தது, ஆனால் திருகில் மாட்டவில்லை. சுருட்டி, டேப் சுற்றி, பெட்டியின் மூலையில் அழுத்தி வைத்திருந்தார்கள். கட்டடம் கட்டியதிலிருந்து அப்படியே இருந்திருக்கும் என்றார். மாட்டிய பிறகு கர்சர் நூல் பிடித்ததுபோல் போகிறது.

சுத்தக்காரன்:
சரி. அந்த இரண்டு ஜிபி நினைவகம் மட்டும் என் கணக்கு.

மூன்றாம்மாடி:
உங்கள் கணக்குதான், அண்ணா. இன்னொரு செய்தி: பக்கத்து அறைச் சீனியரின் லேப்டாப்பிலும் இதே குதிப்பாம். இரண்டு மாதமாக டிரைவர் மாற்றிக்கொண்டே இருக்கிறாராம். எலக்ட்ரீசியன் இப்போது அவர் அறையில் இருக்கிறார்.