டைப்-சி ஒன்றுதான், சார்ஜர் மட்டும் ஏன் ஒன்றாகவில்லை?

கேள்வி: காவிரிக்கரையான்

வணக்கம். புதிதாக வரும் மின்னணுக் கருவி எதையும் வாங்கிப் பார்க்காமல் இருக்க முடியாதவன் நான் என்பதை என் வீட்டாரே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தின் விளைவாக எங்கள் மேசை இழுப்பறையில் ஏழு சார்ஜர்களும் பதினொரு கேபிள்களும் சேர்ந்துவிட்டன. அண்மையில் வாங்கிய கருவிகள் எல்லாவற்றிலும் டைப்-சி துளையே இருப்பதால், இரண்டு டைப்-சி வாய்களும் 65 வாட் திறனும் கொண்ட, காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியைப் பயன்படுத்தும் சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றவற்றைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடலாம் என்று திட்டமிட்டேன்.

சார்ஜர் வந்து ஆறு நாள்கள் ஆகின்றன. மடிக்கணினி எந்தக் குறையும் இல்லாமல் ஏறுகிறது. ஆனால், பெட்டியோடு வந்த 80 வாட் சார்ஜரில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் நிரம்பிவிடும் என் கைப்பேசி, இதில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மனைவியின் கைப்பேசித் திரையில் வழக்கமாகத் தோன்றும் ‘சூப்பர் ஃபாஸ்ட்’ என்ற வாசகம் வராமல் வெறும் ‘ஃபாஸ்ட்’ என்று மட்டும் வருகிறது. எல்லாவற்றையும்விட என்னைக் குழப்புவது என் நெக்பேண்ட் இயர்போன்தான். அதன் மின்தேவை மிகச் சிறியது, ஆனாலும் இந்தச் சார்ஜரில் அது ஏறவே மறுக்கிறது. பத்தாண்டுப் பழைய 5 வோல்ட் சார்ஜரில் செருகினால் உடனே விளக்கு எரிகிறது. போதாக்குறைக்கு, மடிக்கணினியின் உலோக விளிம்பில் விரல் பட்டால் எறும்பு ஊர்வதைப் போன்ற கூச்சம் வேறு.

சார்ஜர் பழுதானதா, அல்லது நான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா? திருப்பி அனுப்புவதற்கு இன்னும் நான்கு நாள்களே உள்ளன.

மறுமொழி 1: பற்றவைப்புக்கோல்

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் சார்ஜர் பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நெக்பேண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

பழைய செவ்வக வடிவ டைப்-ஏ வாயில், எதிர்முனையில் ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா என்று பாராமலே 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். 2014-இல் வெளியான டைப்-சி விதிமுறை இந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. அந்தச் சிறு நீள்வட்டத் துளைக்குள் இருக்கும் 24 ஊசிகளில் இரண்டுக்கு ‘சிசி’ என்று பெயர். கருவியின் பக்கத்தில் அந்த இரண்டு ஊசிகளிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மின்தடையைக் கண்டுகொண்ட பிறகே டைப்-சி சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதாவது, கதவைத் தட்டினால்தான் திறக்கும். சில காசுகள் பெறும் இந்த இரண்டு மின்தடைகளையும் மிச்சம்பிடித்த ஏதோ ஒரு தொழிற்சாலையில்தான் உங்கள் நெக்பேண்ட் பிறந்திருக்க வேண்டும். மலிவு விலை ட்ரிம்மர், கைவிளக்கு, சிறு மின்விசிறி ஆகியவற்றிலும் இதே குறையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். துளை டைப்-சியாக இருந்தாலும், அதன் பின்னால் இருப்பது பழைய மைக்ரோ யூஎஸ்பி காலத்து மூளைதான்.

சிறு நிறுவனங்கள்தாம் இப்படிச் சறுக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் இரண்டு சிசி ஊசிகளுக்கும் பொதுவாக ஒரே மின்தடையை வைத்துவிட்டதால், உள்ளே அடையாளச் சில்லு பொருத்திய உயர்ரகக் கேபிள்களைச் செருகியபோது அந்தப் பலகையை ஒலிக்கருவி என்று கருதிச் சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. மலிவான கேபிளில் வேலை செய்த பலகை விலையுயர்ந்த கேபிளில் வேலை செய்யவில்லை என்ற விந்தையை அன்று பலரும் நம்பவே இல்லை. பின்னர் வந்த பதிப்பில் அதைத் திருத்தினார்கள்.

இனி உங்கள் கைப்பேசி. பெட்டியில் 80 வாட் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் அந்த நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட முறையாகவே இருக்கும். ஒப்போ 2014-இல் அறிமுகப்படுத்திய ‘வூக்’ இந்த வழியின் முன்னோடி எனலாம்: வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரை ஏற்றி, 5 வோல்ட்டில் 4 ஆம்பியரை அனுப்பியது. பின்னாளில் வந்த 80 வாட் சார்ஜர்களின் முதுகில் 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். பொது விதிமுறைப்படி டைப்-சி கேபிளில் 5 ஆம்பியருக்கு மேல் செல்லக் கூடாது என்பதால், இந்த முறைக்கு நிறுவனமே தரும் தடித்த கேபிளும் அதன் சார்ஜரும் இணைந்தே வர வேண்டியிருக்கிறது. உங்கள் புதிய சார்ஜருக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே இரண்டும் தங்களுக்குப் பொதுவாகத் தெரிந்த, மெதுவான ஒரு வேகத்தில் உடன்பட்டுக்கொள்கின்றன.

மனைவியின் கைப்பேசிக்குக் காரணம் வேறு. பவர் டெலிவரி எனப்படும் பொதுமுறையில் 5, 9, 15, 20 வோல்ட் என்று நிலையான படிகள் உண்டு. 9 வோல்ட்டை வாங்கும் கைப்பேசி, தன் மின்கலத்துக்கு ஏற்ற சுமார் 4 வோல்ட்டாக அதைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் பிறக்கும் வெப்பம் முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 2017-இல் சேர்க்கப்பட்ட ‘பிபிஎஸ்’ என்ற உட்பிரிவு, கைப்பேசி கேட்கக் கேட்க 20 மில்லிவோல்ட் அளவில் கூட்டியும் குறைத்தும் தருமாறு சார்ஜரைப் பணிக்கிறது. அதனால் கைப்பேசியின் வேலை குறைந்து, வெப்பத்தின் பெரும்பகுதி சுவரோரம் இருக்கும் சார்ஜரிலேயே நின்றுவிடுகிறது. சாம்சங் உள்ளிட்ட பல நிறுவனங்களின் கைப்பேசிகள் பிபிஎஸ் கிடைத்தால்தான் தங்கள் உச்ச வேகத்துக்குப் போகும். உங்கள் சார்ஜரில் அது இல்லை என்று ஊகிக்கிறேன். அதன் பக்கவாட்டில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து இங்கே எழுதுங்கள்.

மறுமொழி 2: பழையசோறு

இத்தனை விளக்கத்தையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: பெட்டியோடு வந்த சார்ஜருக்கு ஈடில்லை, பரணில் ஏற்றியதை இறக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் என்பதை 2014 முதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில் 2020-இல் ஐபோன் 12-உடன் சார்ஜரைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள், பிறரும் அதைப் பின்பற்றினார்கள். சிக்கனம் யாருக்கு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

மறுமொழி 3: பற்றவைப்புக்கோல்

பழையசோறு அவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நிலைமை அவர் சொல்லும் அளவுக்கு அப்படியே நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதி 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, கைக்கணினி, இயர்போன் முதலியவற்றுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் பொருந்துகிறது. 2012 முதல் லைட்னிங் துளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆப்பிள், 2023-இல் ஐபோன் 15-இல் டைப்-சிக்கு மாறியது இந்த நெருக்கடிக்குப் பிறகுதான். அந்த விதியில் பலர் கவனிக்காத ஒரு கூறு உண்டு: 15 வாட்டுக்கு மேல் மின்னேற்றம் பெறும் கருவி, தன் சொந்த முறையை வைத்திருந்தாலும், பவர் டெலிவரியையும் குறையின்றி ஏற்க வேண்டும். துளையின் வடிவத்தை ஒன்றாக்கியதைவிட, பேசும் மொழியில் கை வைத்திருப்பதையே நான் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

மறுமொழி 4: மூன்றுமுனை

உலோக விளிம்பில் ஏற்படும் கூச்சத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மின்வயரிங் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

இரண்டு முனை மட்டுமே கொண்ட இத்தகைய சார்ஜர்களுக்குள், மின்காந்த இரைச்சலை அடக்குவதற்காக, 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவில் ‘ஒய்’ வகை மின்தேக்கி ஒன்றைப் பொருத்துவார்கள். நில இணைப்பு இல்லாத நிலையில், அந்தச் சிறு மின்தேக்கியின் வழியே கசியும் மின்னோட்டம் உங்கள் உடலின் வழியாகத் தரையைத் தேடுகிறது. தரமான சார்ஜரில் அது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. தீங்கு செய்யாது, ஆனால் வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று விரல்நுனியால் மெதுவாகத் தடவும்போது நன்றாகத் தெரியும். காலணி அணிந்து தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

மடிக்கணினியோடு மூன்று முனைச் சார்ஜர் வந்திருந்தால், நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் மூன்று முனைச் சார்ஜரிலும் அதே கூச்சம் இருக்குமானால், குறை சார்ஜரில் இல்லை, உங்கள் வீட்டின் எர்த்திங்கில் இருக்கிறது. பழைய வீடுகளில் பிளக்கின் மேல்துளை வெறும் அலங்காரமாக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். கூச்சமாக இல்லாமல் சுரீரென்று அடித்தாலோ, சார்ஜரைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறினாலோ, அப்போதே கழற்றிவிடுங்கள்.

காவிரிக்கரையான்

அனைவருக்கும் நன்றி. காலணியோடு தொட்டுப் பார்த்தேன்; மூன்றுமுனை ஐயா சொன்னபடியே கூச்சம் மறைந்துவிட்டது. எர்த்திங்கைச் சோதிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில், சார்ஜரின் பக்கவாட்டில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று மட்டுமே இருக்கிறது. பிபிஎஸ் என்ற எழுத்துகளைக் காணவில்லை. ஆக, இதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். வாங்கும்போது எதைப் பார்ப்பது? மின்வெட்டு நேரங்களில் வைஃபை ரவுட்டரை ஒரு பவர்பேங்கில் ஓட்டுவதற்காக, டைப்-சியிலிருந்து 12 வோல்ட் உருளை முனைக்கு மாற்றித் தரும் கேபிள் ஒன்றையும் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்; அதுவும் சரியாக வருமா?

மறுமொழி 5: பற்றவைப்புக்கோல்

முதலில் ரவுட்டர். நீங்கள் எழுதிய பட்டியலையே திரும்பப் பாருங்கள்: அதில் 12 வோல்ட் இல்லை. இன்றைய பவர் டெலிவரி விதிமுறையில் 12 வோல்ட் கட்டாயப் படி அன்று. சில பவர்பேங்குகள் தரும், சில தராது. தராத ஒன்றில் அந்தக் கேபிளைச் செருகினால் அதற்கடுத்த கீழ்ப்படியான 9 வோல்ட் கிடைக்கக்கூடும். ரவுட்டர் விளக்கெல்லாம் எரிய, இணையம் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருக்கும். நான் ஒரு முழு மாலைப்பொழுதை இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டுவதில் கழித்த பிறகே இந்த உண்மையைக் கண்டுபிடித்தேன். ஆகவே கேபிளைவிட முதலில் பவர்பேங்கின் முதுகைப் படியுங்கள்.

சார்ஜரில், பிபிஎஸ் என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது, அதன் அருகில் உள்ள எண்களும் முக்கியம். 3.3 முதல் 11 வோல்ட் வரை 3 ஆம்பியர் என்றிருந்தால் 25 வாட் வகைக் கைப்பேசிக்குப் போதும். 45 வாட் வகைக்கு அதே இடத்தில் 5 ஆம்பியர் என்று இருக்க வேண்டும், கேபிளும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் ‘இ-மார்க்கர்’ என்ற அடையாளச் சில்லு பொருத்திய கேபிள் தேவை. 2021-இல் வந்த 240 வாட் வரம்பு, 48 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்ற இந்த வகையைச் சேர்ந்ததே. உங்கள் 65 வாட் சார்ஜர் கூட, 3.25 ஆம்பியர் என்பதால், சாதாரணக் கேபிளில் 60 வாட்தான் தரும்.

இரண்டு வாய்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் எந்த வாய்க்கு எவ்வளவு என்ற பங்கீட்டையும் படியுங்கள். பல சார்ஜர்கள் 65-ஐ 45, 20 என்று பிரித்துக்கொள்ளும். இரண்டாவது கருவியைச் செருகும் கணத்தில் இரு வாய்களும் ஒரு நொடி அணைந்து மீண்டும் பேரம் பேசத் தொடங்குவதும் இயல்பே. மின்கலம் இல்லாத கருவி எதையும் அப்படிப்பட்ட சார்ஜரில் நிரந்தரமாகச் செருகி வைக்காதீர்கள்.

இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும் அதன் கீழே ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இல்லாத சார்ஜரை, அது எத்தனை வாட் என்று கூவினாலும், நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்த்தால் பதிவு உண்மையா, யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

உங்கள் 80 வாட் சார்ஜரை மட்டும் பரணிலிருந்து இறக்கிக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவசரமாகக் கிளம்பும் நாள்களில் அதற்கு மாற்று இல்லை, இந்த அளவில் பழையசோறு அவர்கள் சொன்னது சரியே. அதோடு பழைய டைப்-ஏ சார்ஜர் ஒன்றையும், டைப்-ஏயிலிருந்து டைப்-சிக்குச் செல்லும் சாதாரணக் கேபிள் ஒன்றையும் கீழே எடுத்து வையுங்கள். நெக்பேண்டுக்கு அதுதான் கதி.

காவிரிக்கரையான்

திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டேன். ரவுட்டர் கேபிளைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். என் பவர்பேங்கின் முதுகில் 12 வோல்ட் இல்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது, நான் தேடவே தேடாத இன்னும் மூன்று சார்ஜர்கள் அதனடியில் கிடைத்தன என்பதை மட்டும் என் மனைவியிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.